கட்டிலில் கிடப்பவருக்கு ஒரு படம்

1944 ஜூன் 6. நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிக்கொண்டிருந்த நாள். அன்றைக்கு அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு ராணுவப் பயிற்சி முகாமில் ஹெரால்ட் ரஸ்ஸல் என்ற பயிற்றுநரின் கையிலிருந்த டிஎன்டி வெடித்தது. திரி பழுது. வீரர்களுக்கான பயிற்சிப் படம் ஒன்றின் வேலையில் இருந்தபோது நடந்த விபத்து என்பார்கள். இரண்டு கைகளும் போயின. அப்போது அவருக்கு வயது 30. போர்முனையைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்.

வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் அவர் கிடந்த நாட்களில் ஒரு சிறு படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ‘மீட் மெக்கோனிகல்’ என்று பெயர். முதல் உலகப்போரில் இரு கைகளையும் இழந்த சார்ல்ஸ் மெக்கோனிகல் என்பவர், எஃகுக் கொக்கிகளை மாட்டிக்கொண்டு தன் அன்றாட வேலைகளைத் தானே செய்வதுதான் படம். அழுகை இல்லை, நன்கொடை வேண்டுகோள் இல்லை. கையில்லாத ஒருவர் காலையில் எழுந்து எப்படித் தயாராகிறார், எப்படி வேலைக்குப் போகிறார் என்பதே கதை. கையைப் போலவே தோற்றம் தரும் பிளாஸ்டிக் கைகளும் அந்த மருத்துவமனையில் கிடைத்தன. அவற்றால் பெரிதாக எதையும் பிடிக்க முடியாது. ரஸ்ஸல் கொக்கிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் கொக்கிகளைப் பழகிக்கொண்ட வேகத்தைக் கண்ட ராணுவம் அவரை வைத்தே அடுத்த படத்தை எடுத்தது. 1945-இல் வந்த ‘டயரி ஆஃப் எ சார்ஜென்ட்’ அதுதான். அதைப் பார்த்தவர்களில் ஒருவர் இயக்குநர் வில்லியம் வைலர். அவர் அப்போது போரிலிருந்து திரும்பிய மூன்று வீரர்களைப் பற்றிய ஒரு படத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். மூல நூலில் மூன்றாமவன் மூளைக் காயத்தால் உடல் இழுத்துக்கொள்ளும் மாலுமி. அந்தப் பாத்திரத்தை இரு கைகளும் இல்லாதவனாக மாற்றி, நடிப்பு என்னவென்றே தெரியாத ரஸ்ஸலை அதில் நடிக்கவைத்தார் வைலர். தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் அவரை நடிப்பு வகுப்புக்கு அனுப்பியபோது, வேண்டாம் என்று தடுத்தவரும் வைலர்தான். ‘த பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ 1946-இல் வெளியானது. அடுத்த ஆண்டு ஆஸ்கர் மேடையில் ஒரே பாத்திரத்துக்காக ரஸ்ஸலுக்கு இரண்டு விருதுகள் கிடைத்தன: சிறந்த துணை நடிகர் விருது ஒன்று, சக முன்னாள் வீரர்களுக்கு நம்பிக்கையும் துணிவும் ஊட்டியதற்கான சிறப்பு விருது இன்னொன்று. ஒரே பாத்திரத்துக்கு இப்படி இரண்டு விருது வேறெவருக்கும் கிடைத்ததில்லை.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி மருத்துவமனைக் கட்டில். போருக்குப் பிறகு உடல் உறுப்பு இழந்தவர்களுக்காக எடுக்கப்படும் படங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தக் கட்டிலுக்கே திரும்பிப் போகிறது. தொண்டு நிறுவனங்கள் எடுக்கும் படங்களுக்கு மூன்று விதமான பார்வையாளர்கள் உண்டு. பணம் கொடுப்பவர், சட்டம் இயற்றுபவர், காயம்பட்டுக் கிடப்பவர். பெரும்பாலான படங்கள் முதலாமவரை நோக்கியே எடுக்கப்படுகின்றன. இரண்டாமவரை எட்டியவை சில. மூன்றாமவரை நினைத்து எடுக்கப்பட்டவை மிகவும் குறைவு. அவருக்குப் போட்டுக் காட்டத் தகுந்த படமே மற்ற இருவருக்கும் உண்மையைச் சொல்லும் படம் என்பது என் துணிபு.

வைலரின் படத்தில் மாலுமி ஹோமர் முதலில் தோன்றும் காட்சிகளைக் கவனியுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்காக ஒரு மேசை முன் நிற்கிறான். கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் உதவ முனைவதற்குள் கொக்கியில் பேனாவைப் பிடித்துத் தானே எழுதுகிறான். விமானத்தில் தீக்குச்சியை உரசி மற்ற இருவருக்கும் சிகரெட் பற்றவைக்கிறான். வீட்டு வாசலில் வந்து இறங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. மகனின் கைகளைக் கண்ட தாயின் தொண்டையிலிருந்து ஒரு விம்மல் கிளம்புகிறது. எஃகைப் பழகிக்கொண்டவனுக்கு அந்த விம்மலைப் பழகத் தெரியவில்லை. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் இந்தப் படம் முழுவதும் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தெளிவோடு தெரியும்படி படம்பிடித்திருக்கிறார். அதனால் ஹோமரை அவனைப் பார்க்கும் மனிதர்களோடு சேர்த்தே நாம் பார்க்கிறோம். குறைபாடு அவன் உடம்பில் எவ்வளவு, பார்ப்பவர் கண்ணில் எவ்வளவு என்று நம்மால் பிரித்தறிய முடிகிறது.

பிறகு வருவது படுக்கையறைக் காட்சி. தன்னை விரும்பும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தன்னோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று காட்டுகிறான் ஹோமர். தோள்பட்டையைச் சுற்றிய வார்களைக் கழற்றுகிறான், கொக்கிகள் கட்டிலில் விழுகின்றன. இனி கதவு சாத்திக்கொண்டால் தன்னால் திறக்க முடியாது, சட்டைப் பொத்தானைப் போட முடியாது என்கிறான். அவள் வந்து பொத்தானைப் போட்டுவிடுகிறாள். இதில் நடிப்பென்று எதைச் சொல்வது? அந்த வார்கள் ரஸ்ஸல் தினமும் கழற்றியவை. பகலில் எல்லாவற்றையும் செய்துகாட்டும் மனிதரின் இரவை இந்தக் காட்சி திறந்துவைக்கிறது. ‘மீட் மெக்கோனிகல்’ போன்ற பயிற்சிப் படங்கள் சொல்லாமல் விட்ட பாதி இது. சாதனையை மட்டும் காட்டும் படம் கட்டிலில் கிடப்பவரை இன்னொரு வகையில் வதைக்கும். ‘அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?’ என்று கேட்பதுபோல் ஆகிவிடும்.

ரஸ்ஸல் நடிகராகத் தொடரவில்லை. ஆம்வெட்ஸ் என்ற முன்னாள் வீரர்கள் சங்கத்தின் தேசியத் தலைவராக மூன்று முறை இருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கிடைக்கச் செய்வதற்கான குடியரசுத் தலைவர் குழுவின் தலைவராக 1964-இல் அவரை லிண்டன் ஜான்சன் நியமித்தார். அந்தப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தார். திரைப்படம் கொடுத்த முகத்தை அவர் செலவழித்தது இங்கேதான்.

கட்டிலில் கிடப்பவரை நினைத்து எடுக்கும் படங்களுக்கு நேரெதிரான மரபும் உண்டு. அது இன்னும் பழையது. முதல் உலகப்போரில் குண்டுச் சத்தத்தின் நடுவே நரம்பு குலைந்து நடக்கவோ பேசவோ முடியாமல்போன பிரிட்டிஷ் வீரர்களை மருத்துவர் ஆர்தர் ஹர்ஸ்ட் 1917-இல் தொடங்கி நெட்லி மருத்துவமனையிலும் சீல் ஹெய்ன் மருத்துவமனையிலும் படம்பிடித்தார். ஒரு காட்சியில் வீரர் தள்ளாடி விழுகிறார், அடுத்த காட்சியில் தோட்டத்தில் வேலை செய்கிறார். ‘முன்பு’ என்று காட்டப்பட்டவற்றில் சில, குணமான பிறகு அந்த வீரர்களை மறுபடி நடிக்கச்சொல்லி எடுத்தவை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இன்றும் நம் கைபேசிக்கு வந்து விழும் நன்கொடைப் படங்களின் முதுகெலும்பு இந்த ‘முன்பு - பின்பு’தான். மண்தரையில் தவழும் குழந்தை, இசை மாறுகிறது, அதே குழந்தை புதுக் காலோடு ஓடுகிறது. இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் கழிந்த மாதங்கள் வெட்டப்பட்டிருக்கும்.

ஹர்ஸ்டின் படத்திலேயே மதிப்பு மிக்க வேறொரு பகுதியும் இருக்கிறது. கடைசியில் ஒரு போலிப் போர்க்காட்சி வருகிறது. அதை இயக்கியவர்கள், படம்பிடித்தவர்கள், நடித்தவர்கள் எல்லோருமே தேறிவந்த நோயாளிகள் என்று படத்தின் எழுத்து அட்டையே சொல்கிறது. தங்களைக் குலைத்த நிகழ்வைத் தாங்களே அரங்கேற்றிப் பார்த்திருக்கிறார்கள். நூறாண்டுகளுக்கு முன்பே நோயாளியின் கைக்குக் கேமரா போயிருக்கிறது என்பதை இத்துறையில் இருப்பவர்கள்கூட அதிகம் பேசுவதில்லை.

கேமராவின் முன் நிற்பவரின் சம்மதம் என்ற முடிச்சு இங்கே வருகிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இயக்குநர் ஜான் ஹூஸ்டன், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த மேசன் ஜெனரல் மருத்துவமனையில் மனம் உடைந்த வீரர்களைப் படம்பிடித்தார். ‘லெட் தேர் பி லைட்’ என்ற அந்தப் படத்தை, இவர்கள் பைத்தியங்கள் அல்லர், வேலை கொடுக்கத் தகுந்தவர்கள் என்று வேலை தருபவர்களுக்கும் பொதுமக்களுக்கும் உணர்த்தவே ராணுவம் எடுக்கச்சொன்னது. எடுத்து முடித்ததும் அதே ராணுவம் அதைப் பூட்டிவைத்தது. நோயாளிகளின் அந்தரங்கம் பாதிக்கப்படும் என்பது சொன்ன காரணம். போர்வீரன் உடையாதவன் என்ற கட்டுக்கதை உடைந்துவிடும் என்ற அச்சமே உண்மைக் காரணம் என்று ஹூஸ்டன் கடைசிவரை நம்பினார். 1980-களின் தொடக்கத்தில்தான் படம் பொதுவெளிக்கு வந்தது. அதற்குள் அதில் பேசியவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். ஹூஸ்டன் சொன்னதில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ராணுவம் சாக்காகச் சொன்ன காரணத்தைத் தூக்கி எறிந்துவிட எனக்கு மனம் வரவில்லை. மருத்துவமனையில் கிடப்பவர், தன்னைக் கவனித்துக்கொள்பவர் கேட்கும்போது ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வார்? செயற்கைக் கால் தரும் அமைப்பே கேமராவோடு வந்து நின்றால், சம்மதக் கையெழுத்துக்கு எவ்வளவு எடை? இதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு: கால் கொடுத்து முடித்து, இனி இவர்களிடமிருந்து நான் எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று அவர் உணரும் நாளில் கேட்பது. ‘வேண்டாம்’ என்றாலும் அடுத்த கால் தவறாமல் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அடுத்த கால்தான் திரைப்படங்களுக்கு மிகவும் கடினமான விஷயம்.

மொசென் மக்மல்பஃப் இயக்கிய ‘காந்தஹார்’ 2001 மே மாதம் கான் விழாவில் திரையிடப்பட்டது. சில மாதங்களில் செப்டம்பர் 11 வந்தது. உலகமே அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தது. அதில் ஒரு காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கவே முடியாது. பாலைவனத்தில் ஒரு செஞ்சிலுவை முகாம். வானத்திலிருந்து பாராசூட்டுகளில் செயற்கைக் கால்கள் மிதந்து இறங்குகின்றன. ஊன்றுகோல்களோடு நிற்கும் ஆண்கள் அவற்றை நோக்கிப் பாய்ந்து ஓடுகிறார்கள். மிதிவெடிகள் ஒரு தேசத்தை என்ன செய்தன என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இன்னொரு காட்சியை நான் பார்த்ததில்லை.

ஆனால் கால்கள் அப்படி வருவதில்லை. வானத்திலிருந்து விழுந்த காலை யாரும் மாட்டிக்கொண்டு நடக்க முடியாது. செயற்கைக் கால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவெடுத்துச் செய்ய வேண்டியது. முதலில் எஞ்சிய காலைச் சுற்றி மாவுக்கட்டுப் போடுவார்கள். காய்ந்ததும் அதை உரித்தெடுத்து, அந்தக் கூட்டுக்குள் மாவை ஊற்றி, காலின் அச்சை வார்ப்பார்கள். அழுத்தம் தாங்கும் இடத்தில் அச்சைச் சற்றுச் செதுக்கி, எலும்பு முட்டும் இடத்தில் மாவைச் சற்று ஏற்றி, கையால் தடவித்தடவிச் சரிபார்ப்பார்கள். பிறகு பாலிப்ரொப்பிலீன் தகட்டை அடுப்பில் வாட்டி, அப்பளம்போல் துவளும் பதத்தில் எடுத்து அச்சின்மேல் போர்த்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் தகடு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். இப்படிக் கிடைப்பதுதான் சாக்கெட். அதில் முழங்காலும் பாதமும் பொருத்தி, இணைகம்பிகளுக்கு நடுவே ஆளை நிறுத்தி நடக்கப் பழக்குவார்கள். ஒரு சிறு புடைப்பு தவறினாலும் தோல் கிழிந்து புண்ணாகும். கால் மறுபடி பட்டறைக்குப் போகும்.

இந்த வேலைகளுக்கு நடுவில் இருக்கும் பொறுமையை ‘காந்தஹார்’ வேறொரு இடத்தில் பிடித்துவிடுகிறது. மனைவிக்குக் கால் வாங்க வந்த ஒருவர் கொடுத்த கால்களை ஏற்க மறுக்கிறார். பெரிதாக இருக்கின்றனவாம். அவளுடைய கல்யாணக் காலணியைக் கொண்டுவந்து அந்தச் செயற்கைப் பாதத்தில் மாட்டிப் பார்க்கிறார். ஊருக்கெல்லாம் பறந்துபோன காட்சி பாராசூட் காட்சி. தொண்டுப் பணிக்கு உண்மையில் உதவக்கூடிய காட்சி இந்தக் காலணிக் காட்சி என்று தோன்றுகிறது. கால் வாங்க வந்தவர் அங்கே கையேந்தி நிற்கவில்லை. துணிக்கடையில் நிற்பவரைப் போல, இது பொருந்தவில்லை, வேறு காட்டுங்கள் என்கிறார்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். பெரியவர்களின் செயற்கைக் காலை மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வளரும் குழந்தைக்கு ஆறு மாதமோ ஓராண்டோதான். 10 வயதில் மிதிவெடியில் காலை இழக்கும் குழந்தை இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழும் என்று கொண்டால், அதற்கு வாழ்நாளில் ஏறத்தாழ 25 கால்கள் தேவைப்படும் என்று சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தார் 1990-களிலேயே கணக்கிட்டார்கள். நன்கொடைப் படம் காட்டுவது முதல் காலை. அதன் இசை உச்சத்தில் குழந்தை ஓடுகிறது, பணம் வருகிறது. ஒன்பதாவது காலுக்கு யார் படம் எடுப்பார்கள்? திரையிடல் நடந்த மாதத்தில் வெள்ளமாக வந்து, அடுத்த ஆண்டில் வற்றிப்போகும் பணத்தால் ஒரு பட்டறையை நடத்த முடியாது. மாவுக்கட்டுப் போடுபவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். ஆகவே படம் எடுக்கும் அமைப்புகள் ஒரே மனிதரிடம் இரண்டாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்துத் திரும்பிப் போய் எடுக்கும் படங்களில் முதலிட வேண்டும். வளர்ந்துவிட்ட பையன், சின்னதாகிப்போன கால், புது மாவுக்கட்டு என்று நீளும் படம் கண்ணீர் வரவழைக்காது. பணம் கொடுப்பவரை அது ஆண்டுச் சந்தாவுக்கு இட்டுச்செல்லும்.

இரண்டாம் வகைப் பார்வையாளரான சட்டமியற்றுபவரைக் கேமரா வென்ற நேரமும் உண்டு. 1997 ஜனவரியில் இளவரசி டயானா அங்கோலாவின் உவாம்போவில் கண்ணிவெடி அகற்றப்பட்ட பாதையில் நடந்த காட்சி உலகத் தொலைக்காட்சிகளில் ஓடியது. தலைநகர் லுவாண்டாவில் கால் இழந்த குழந்தைகளோடு அவர் அமர்ந்திருந்ததும் ஒளிபரப்பானது. அந்த ஆண்டு டிசம்பர் 3 அன்று ஒட்டாவாவில் மிதிவெடித் தடை உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்தது. பல ஆண்டுகள் உழைத்த இயக்கத்தின் பலன் அது, படக்காட்சி கடைசி உந்தல்களில் ஒன்று. ஆயுதம் ஒன்றைத் தடைசெய்ததோடு நில்லாமல், அதனால் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர உதவ வேண்டும் என்று 6-ஆம் பிரிவில் எழுதிவைத்த முதல் உடன்படிக்கை அது. அவ்வாண்டு அந்த இயக்கத்துக்குக் கிடைத்த நோபல் பரிசை மேடையில் பெற்றுக்கொண்டவர் துன் சன்னரெத். மிதிவெடியில் இரு கால்களையும் இழந்த கம்போடியர், சக்கர நாற்காலிகள் செய்பவர். இளவரசியின் நடையை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. சன்னரெத்தின் பட்டறை அதே அளவு நினைவில் நிற்க வேண்டியது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1960-களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய ரப்பர் பாதம், ஷூ போடாமல் வெறுங்காலோடு நடக்கவும், சேற்றில் இறங்கவும், குந்தி உட்காரவும் ஏற்றது. மேற்கத்திய செயற்கைக் கால் நாற்காலியில் அமர்பவருக்காகச் செய்யப்பட்டது. இது தரையில் அமர்பவருக்கு. அதனாலேயே ஆப்கானிஸ்தானுக்கும் கம்போடியாவுக்கும் இலங்கைக்கும் போனது. யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே 1987-இல் தொடங்கிய ஜெய்ப்பூர் மறுவாழ்வு நிலையம் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. ஜெய்ப்பூர் கால் என்ற பெயர் தென்னிந்திய வீடுகளுக்குள் நுழைந்ததில் ஒரு திரைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1981-இல் திருச்சி அருகே நடந்த விபத்தில் காலை இழந்த நடனக்கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலோடு மறுபடி மேடையேறினார். சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த ‘மயூரி’யில் தன் கதையில் தானே நடித்தார். போரில் போன கால் அல்ல அது. ஆனால் ரஸ்ஸலைப் போலவே, இழந்தவரே திரையில் நின்றார்.

ஈழப்போர் முடிந்து பல ஆண்டுகள் கடந்துவிட்டன. உறுப்பிழந்தவர்களைப் பற்றி நமக்கு வந்துசேர்ந்த காட்சிகள் பெரும்பாலும் காயத்தின் காட்சிகள். குற்றத்துக்குச் சாட்சியாக அவை தேவைப்பட்டன, இன்னும் தேவைப்படுகின்றன. ஆனால் சாட்சிப் படம் வேறு, துணைப் படம் வேறு. வன்னியில் ஒரு பெண் பொய்க்காலோடு கிணற்றில் நீர் இறைப்பது எப்படி, மழைக்காலத்தில் வயல்வரப்பில் நடப்பது எப்படி, பேருந்துப் படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று தமிழில் விளக்கும் பத்து நிமிடப் படம் ஒன்று, புதிதாகக் கால் போட வருபவருக்கு எவ்வளவு பெரிய உதவி! அதைப் பேசவேண்டியவர் மருத்துவர் அல்லர், பத்தாண்டாக அந்தக் காலோடு நடப்பவர். பார்வை இழந்தவருக்குக் காட்சி விவரணையும், கேட்கும் திறன் இழந்தவருக்குச் சைகை மொழியும் அதில் இருக்க வேண்டும். போரில் உறுப்பிழந்தவர்களுக்காக எடுத்த படத்தை அவர்களில் பலரால் பார்க்கவோ கேட்கவோ முடியாது என்றால் அது யாருக்காக எடுத்த படம்?

1999-இல் கொசோவோ அகதிகளின் முகாம்களில் திரை கட்டிப் படம் காட்டத் தொடங்கிய ஃபிலிம்எய்ட் என்ற அமைப்பு, பிறகு கென்யாவின் காக்குமா முகாமுக்கும் போனது. லாரியில் திரையைக் கட்டி, இருட்டிய பிறகு படம் போடுவார்கள். பொழுதுபோக்குப் படமும் உண்டு, சுகாதாரப் படமும் உண்டு. முகாமில் இருப்பவர்களுக்கே படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பணம் திரட்டுவதற்கு வெளியே, பாதிக்கப்பட்டவர்களையே முதல் பார்வையாளர்களாகக் கொண்ட வேலை இது.

காபூலில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் எலும்பியல் மறுவாழ்வு மையம் 1988-இல் தொடங்கியது. 1990 முதல் அங்கே பணியாற்றிய இத்தாலியர் அல்பெர்ட்டோ கெய்ரோ, வழக்கறிஞராக இருந்து உடலியக்கச் சிகிச்சையாளராக மாறியவர். அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று: மையத்தில் வேலைக்கு எடுக்கப்படுபவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவே இருக்க வேண்டும். மாவுக்கட்டுப் போடுபவர், சாக்கெட் வார்ப்பவர், நடக்கப் பழக்குபவர், வாசலில் பெயர் எழுதுபவர் என்று ஏறக்குறைய எல்லோரும் ஒரு காலத்தில் அங்கே நோயாளியாக வந்தவர்கள். சில மாதங்களுக்கு முன் வெடியில் காலை இழந்தவர், உறவினர் முதுகில் சுமக்கப்பட்டு வந்து பெஞ்சில் உட்காருகிறார். தன்னை அளவெடுக்க வருபவர் நடந்து வருவதைப் பார்க்கிறார். சாதாரண நடைதான், இடது பக்கம் சற்றே சாய்வு. அருகில் வந்து குனிந்து, மாவுக்கட்டுத் துணியை நீரில் நனைக்கும்போதுதான் அவருடைய கால்சட்டை நுனி சற்று மேலேறி, உள்ளே இருக்கும் பாலிப்ரொப்பிலீன் கால் தெரிகிறது.